வார்டு கூட்டும் பிள்ளை மிஸ்ஸியாகக் கூடாதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் குரோ பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குச் சந்தா விஷயமாகப் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மா இருபத்தெட்டு வருசம் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டு, பிறகு அந்தச் செம்பனையையும் தள்ளிவிட்டு வீடமைப்புக்காரர்கள் வந்தபோது, லயத்தைக் காலி செய்துகொண்டு இந்த மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். இன்னமும் டுரியான் துங்கல் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேனில் போய் உதிரிப் பழம் பொறுக்குகிறார். தோட்டம் அவரை விட்டுப் போனாலும் அவர் சங்கத்தை விடவில்லை.

சந்தாப் பேச்சு முடிந்து தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது. உள்ளே எஸ்.பி.எம். சான்றிதழ். கொண்டு வந்து வைத்தது அந்த அம்மாவின் மகள். வயது இருபத்தேழு. ஒரு மருத்துவமனையில் குத்தகைக் கம்பெனியின் கீழ்த் துப்புரவு வேலை செய்கிறாள். ஏழு வருசமாகிறது.

"அங்கிள், இதை வச்சு மிஸ்ஸிக்குப் படிக்க முடியுமா?"

நாம் வாயைத் திறப்பதற்குள் தாயார் முந்திக்கொண்டார். "இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு தம்பி. இருபத்தேழு வயசுல ஸ்கூல் பையைத் தூக்குறேங்கிறா. கல்யாணத்துக்குப் பேசிக்கிட்டிருக்கோம், இவ புஸ்தகம் வாங்குறா."

மகள் சிரித்தாள். ஆனால் உறையை எடுக்கவில்லை.

ஏனம்மா இப்போது இந்த ஆசை என்று கேட்டோம். அவள் சொன்ன காரணத்தைத்தான் தோட்டத்து வாசகர்கள் கேட்க வேண்டும். அவள் கூட்டும் வார்டில் ஒரு பாட்டி படுத்திருந்தாராம். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்தவர். மலாயும் வராது, ஆங்கிலமும் வராது. மிஸ்ஸி வந்து "சாகிட் டி மானா?" என்று கேட்டால், பாட்டி நெஞ்சைத் தடவிக்கொண்டு தமிழில் ஏதோ சொல்வார். மிஸ்ஸிக்கு விளங்காது. யாரைக் கூப்பிடுவது? துடைப்பத்தோடு நின்ற இந்தப் பெண்ணைத்தான். "பாட்டி என்ன சொல்றாங்க, கேட்டுச் சொல்லு."

பாட்டி சொன்னது "நெஞ்சு கரிக்குது" என்பது. மறுநாள் "நெஞ்சைப் பிசையுது" என்றார். அதற்கடுத்த நாள் "மூச்சு முட்டுது, கிறுகிறுன்னு வருது." இந்த நான்கும் நான்கு விதமான வேதனை. நம் வீட்டில் சின்னப்பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். இதை எல்லாம் மலாயில் எப்படிச் சொல்வது? இந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "சாகிட் டாடா" என்றே சொல்லி வந்திருக்கிறாள். நெஞ்சு வலி, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பிசைவதற்கும் கரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் பிசைந்து காட்டியிருக்கிறாள். அந்த மிஸ்ஸி நல்ல மிஸ்ஸி. உடனே போய் டாக்டரைக் கூட்டி வந்தாராம்.

"அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல அங்கிள். நான் சொன்னது சரியா தப்பான்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு."

பாட்டி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். இந்தப் பெண்தான் இன்னும் வார்டை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறாள்.

இப்படி ஒரு ராத்திரியில் வாழ்க்கையையே திருப்பிக்கொண்ட இன்னொருவர் கதை நம் தமிழ் நிலத்திலேயே உண்டு. 1890களில் தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண் தன் பெற்றோரோடு தங்கியிருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பது அந்தக் கால வழக்கம். ஐடாவின் தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண். ஐடா பெண், ஆனால் ஒன்றும் படித்தவரில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900ல் வேலூருக்குத் திரும்பினார். 1909ல் அங்கே தாதிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான். அவருக்குப் பாதிரியார் குடும்பத்தின் ஆதரவும் கப்பல் டிக்கெட்டும் இருந்தன. நம்ம பிள்ளைக்கு இருப்பது 1,700 வெள்ளி சம்பளமும், உதிரிப் பழம் பொறுக்குகிற தாயாரும்.

நம் பெண்கள் மருத்துவமனைக்குப் புதியவர்கள் அல்ல. அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு போன்ற வேலைகளை 1997 முதல் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகையாக விட்டுவிட்டார்கள். தோட்டங்களை விட்டு வெளியேறிய பெண்களில் எத்தனையோ பேர் அந்த நீல, பச்சைச் சட்டைகளுக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள். எந்த வார்டில் யார் படுத்திருக்கிறார், எந்தக் கட்டில் காலியானது, எந்தச் சிவப்புப் பையை எங்கே போட வேண்டும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ரத்தத்தைக் கண்டு பயப்படாதவர்கள். ராத்திரி ஷிப்டுக்குப் பழகியவர்கள். ஆனால் குத்தகை மாறும்போதெல்லாம் வேலை இருக்குமா என்ற பயம் மட்டும் போகவில்லை.

அதற்கு முந்திய காலத்தையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் நமக்கு ஞாபகம் வருவது டிரசர் ஐயாவும் அவருடைய கலர் தண்ணியும்தான். வயிற்று வலிக்கும் அதே சீசா, தலைவலிக்கும் அதே சீசா என்று நம் பெரியவர்கள் கேலி செய்வார்கள். கேலி ஒருபக்கம் இருக்கட்டும். மலேரியாக் காய்ச்சலில் லயம் லயமாகச் சனங்கள் படுத்த காலத்தில், கொய்னா மருந்தோடு வந்து நின்றவரும் அவர்தான். 1965ல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்த டிரசர் ஐயாக்கள் யார்? பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். ஆங்கிலம் படித்து, உத்தியோகத்தர் வீட்டில் குடியிருந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வெட்டுக் கத்தி பிடித்தவன் பிள்ளை அந்த வீட்டுத் திண்ணைக்குக்கூடப் போக முடியாத காலம் அது என்பதைத்தான் சொல்கிறோம். லயத்துப் பிள்ளைக்கு இருந்த ஒரே மருத்துவ உத்தியோகம், ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டுவது.

ஒரே ஒரு முறை அந்தக் கதவு வேறு விதமாகத் திறந்தது. 1943ல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படை சேர்த்தபோது, மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்கள் வரிசையாகப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். அதில் தாதிப் பிரிவும் ஒன்று இருந்தது. மங்கும் வாளியும் தூக்கிய பெண்கள் பர்மாவில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டார்கள். போர் முடிந்தது, படை கலைந்தது, தோட்டத்துப் பெண்கள் திரும்பவும் தோட்டத்துக்கே வந்தார்கள். கட்டுப் போடத் தெரிந்த கைகள் மறுபடி வெட்டுக் கத்தியைப் பிடித்தன. சான்றிதழ் கொடுக்க யாருமில்லை.

இன்று சான்றிதழ்தான் எல்லாம். ஆகவே அந்தப் பிளாஸ்டிக் உறையைத் திறந்து பார்த்தோம்.

தமிழ் மொழி ஏ மைனஸ். நன்னெறி பி. மலாய் மொழி சி. சரித்திரம் டி. ஆங்கிலம் இ. விஞ்ஞானம் டி. கணிதம் ஜி, அதாவது தேறவில்லை. தாயார் இதைப் பார்த்து, "கணக்குல முட்டை வாங்குனவ மிஸ்ஸியாகப் போறாளாம்" என்றார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

தாதிமை டிப்ளோமாவுக்கு ஒரு காலத்தில் மூன்று கிரெடிட் போதும். 2010ஆம் ஆண்டு வாக்கில் அதை ஐந்தாக உயர்த்தினார்கள். மலாய் மொழி, கணிதம், ஏதாவது ஒரு விஞ்ஞானப் பாடம் ஆகிய மூன்றிலும் கிரெடிட், அத்தோடு வேறு இரண்டு பாடங்களில் கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி. இதுதான் அந்த ஐந்தின் கணக்கு. சி அல்லது அதற்கு மேல் இருந்தால் கிரெடிட். இந்த விதி அவ்வப்போது கூடும், குறையும். எந்த ஆண்டு மனுப் போடுகிறோமோ அந்த ஆண்டு விளம்பரத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஐந்து என்ற கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழி இருக்கிறது. அந்த "வேறு இரண்டு பாடங்கள்" எவை? தமிழும் நன்னெறியும். ஆங்கிலம் தேர்ச்சி. ஆக, இந்தப் பெண்ணுக்குக் குறைவது இரண்டே பாடம்: கணிதமும் விஞ்ஞானமும்.

தமிழ் படித்து என்ன கண்டோம் என்று கேட்கிற பெற்றோர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்க வேண்டாம், பாரம் என்று பிள்ளைகளைத் தடுத்த வீடுகள் நமக்குத் தெரியும். அந்தத் தமிழ்தான் இந்தப் பெண்ணுக்கு நாலாவது படியாகக் கிடந்து உதவுகிறது.

"ரெண்டு பாடமா? அவ்ளோதானா அங்கிள்?" என்றாள். அவ்வளவுதானம்மா. ஆனால் அந்த இரண்டும் லேசில்லை என்பது நமக்கும் தெரியும். நாமும் தோட்டப் பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருசத்தைத் தொலைத்து, கணக்கு வாத்தியார் மலாயில் சொன்னதைத் தமிழில் மாற்றிப் புரிந்துகொள்வதற்குள் அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட, பின்வரிசையில் உட்கார்ந்து கப்பல் படம் போட்டவர்கள்தாம். நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லாமல் கணக்கு வராமல் போகவில்லை. பால் எடையையும் கொத்துக் கணக்கையும் மனத்தாலே போட்டு, கிராணி ஏமாற்றினால் கையும் களவுமாகப் பிடிக்கிற சனம் நாம்.

அடுத்தது காசு. தாயாரின் பயமெல்லாம் இதில்தான் இருந்தது. அது நியாயமான பயம். இன்று இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் பெரிய முதலாளிகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் சின்ன முதலாளிகளுக்கும் அமுலுக்கு வந்தது. தாதிப் படிப்பு மூன்று வருசம். முப்பத்தாறு மாதத்தை 1,700ஆல் பெருக்கினால் 61,200 வெள்ளி. ஓவர்டைம் சேர்க்காமலே அவ்வளவு. தகப்பனார் இல்லாத வீட்டில் அந்தக் காசு வராமல் நின்றால் வாடகை யார் கட்டுவது? படிப்பு நல்லது, படிப்பு பெரியது என்று மேடையில் முழங்குகிற நம் தலைவர்கள் இந்த 61,200 வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தோட்டத்துப் பிள்ளை படிக்காமல் போனதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது சுலபம்.

ஆனால் தாயார் ஒன்றைக் கவனிக்கவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் எழுத வேலையை விட வேண்டியதில்லை. தனித் தேர்வராக எழுதலாம். பள்ளிச் சீருடை வேண்டாம், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டாம். தேர்வுக் கட்டணமும் புத்தகமும் டியூஷனும்தான் செலவு. ஒரு வருசம், தேறாவிட்டால் இரண்டு வருசம். அதுவரை சம்பளம் வந்துகொண்டே இருக்கும். 61,200 வெள்ளிக் கேள்வி அந்த இரண்டு பாடமும் கைக்கு வந்த பிறகுதான் எழும். அப்போதும் முழுக் கேள்வியாக எழாது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் விடுதி உண்டு, மாதாமாதம் ஒரு படித்தொகையும் உண்டு. மூன்று வருசமும் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வார்டு. முடித்த பின் அரசாங்கத்துக்கு வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு நம்மவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் போட்ட ஒப்பந்தத்தை விட இது எத்தனையோ மேல்.

விண்ணப்பம் எஸ்.பி.ஏ. எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தின் மூலம் போகிறது. குடியுரிமை வேண்டும். இந்த ஒரு வரியை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. 1969க்குப் பிறகு சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட்டுக்கு அலைந்ததும், பலர் தோட்டத்தையே விட்டு ஊருக்குக் கப்பலேறியதும் மறந்துவிடவில்லை. இன்றைக்கும் பிறப்புப் பத்திரம் சரியில்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மிஸ்ஸி ஆசை வந்தால், கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அதோடு விளம்பரத்தில் வயது வரம்பும் போட்டிருப்பார்கள். இருபத்தேழு வயதுப் பெண் கல்வித் தகுதிக்கு முன்னால் அந்த வரியைப் படிக்க வேண்டும். அதனால்தான் அடுத்த வருசம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே என்று அவளிடம் சொன்னோம்.

அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால்? இங்கேதான் நாம் கொஞ்சம் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பதினைந்து, இருபது வருசத்துக்கு முன் தனியார் தாதியர் கல்லூரிகள் காளான் முளைத்தது போல முளைத்தன. கோயில் திருவிழாவில் கூடாரம் போட்டார்கள். லயத்து வாசலில் ஏஜெண்டு வந்து நின்றார். "மூணு கிரெடிட் போதும்மா, கடன் நாங்களே எடுத்துத் தர்றோம், ஒரு கையெழுத்துதான்." நமக்குத் தெரிந்த ஒரு மண்டோர் மகள் அப்படிக் கையெழுத்துப் போட்டாள். பி.டி.பி.டி.என். கடன். மூன்று வருசம் படித்தாள். வார்டுப் பயிற்சி சரியாகக் கிடைக்கவில்லை. தாதியர் வாரியத் தேர்வில் முதல் முறை தேறவில்லை. தேறிய பிறகு பார்த்தால், அவளைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு மருந்துக் கடையில் கல்லாப் பக்கம் நின்றாள். கடன் மட்டும் அவளோடு கூடவே நின்றது. கடன் கட்டாதவர்கள் வெளிநாடு போகக் கூடாது என்று தடை போட்ட காலமும் உண்டு. 2018ல்தான் அதை எடுத்தார்கள். சிங்கப்பூரில் மிஸ்ஸி வேலை கிடைத்தாலும் ஜொகூர் பாரு பாலத்தைத் தாண்ட முடியாது என்ற நிலை. கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அப்படி ஒன்றல்ல, பல இருந்தன.

எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போடும் முன் தாதியர் வாரியம் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா, மாணவர்களை எந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், சென்ற வருசம் எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே ஏஜெண்டு பேச்சை மாற்றினால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி பதிவு இல்லாமல், ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் புதுப்பிக்காமல் இந்த நாட்டில் யாரும் தாதியாக வேலை செய்ய முடியாது. மூன்று வருசம் படித்து, தொப்பி போட்டுப் படம் எடுத்து, மாலையும் போட்டுக்கொண்டு, பதிவு கிடைக்காவிட்டால் அந்தப் படம் சுவரில்தான் தொங்கும்.

இன்னொன்று. இ.பி.எப். பணத்தைப் படிப்புக்கு எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். தன் படிப்புக்கு எடுக்கலாம், பிள்ளை படிப்புக்கும் எடுக்கலாம். 2024 மேயில் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு, நடுக் கணக்கிலிருந்து அதை எடுக்கிறார்கள். அந்தத் தாயார் பேச்சுவாக்கில், "அவ ஒத்தக்கால்ல நின்னா என் இ.பி.எப். இருக்கு" என்றார். வாயால் கிறுக்கு என்றவர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் பாருங்கள். நாம் வேண்டாம் என்றோம். அது முதுகு வளைத்துச் சேர்த்த கிழவயதுக் காசு. அரசாங்கக் கல்லூரிக்கு முயற்சி செய்யாமலே அதில் கை வைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாணப் பேச்சுக்கு வருவோம். மிஸ்ஸி வேலைக்குப் போனால் ராத்திரி ஷிப்ட், ஆம்பளை நோயாளியைத் தொட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்றார் தாயார். இந்தப் பேச்சை நாம் எத்தனையோ வீட்டில் கேட்டுவிட்டோம். ஆனால் இந்தப் பெண் இப்போதும் ராத்திரி ஷிப்டில்தான் இருக்கிறாள். ஆம்பளை நோயாளி வாந்தி எடுத்தால் இப்போதும் இவள்தான் வழிக்கிறாள். 1,700 வெள்ளிக்குச் செய்தால் கௌரவம் போகாது, அதைவிடக் கூடுதலான சம்பளத்துக்குச் செய்தால் போய்விடுமா? மாப்பிள்ளை வீட்டார் யோசித்தால் யோசிக்கட்டும். அண்ணன் தம்பிகளுக்கும் இந்தப் பாதை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். பழைய டிரசர் வேலையின் இன்றைய வடிவம்தான் உதவி மருத்துவ அதிகாரி உத்தியோகம். நம் பையன்கள் அதற்கு மனுப் போடுவது அரிது. லாரி லைசென்சு எடுக்கிற அவசரத்தில் இது கண்ணில் படுவதே இல்லை.

தாதிகளுக்குத் தேவை இருக்கிறதா, அந்த மண்டோர் மகள் கதைதான் திரும்ப நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2025ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகம் முழுவதும் 2 கோடியே 98 இலட்சம் தாதிகள் இருக்கிறார்கள். இன்னும் 58 இலட்சம் பேர் போதவில்லை. நம் நாட்டுத் தாதிகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போவது தெரிந்த விஷயம். போகிறவர்கள் இடத்தை யாராவது நிரப்பித்தானே ஆக வேண்டும்? மலாக்காவில் தோட்டங்களை விட்டு வந்த கிழவன் கிழவிகள் இந்த அடுக்குமாடி வீடுகளில் மூட்டு வலியோடும் இனிப்பு நீரோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். "கிறுகிறுன்னு வருது" என்பதைப் புரிந்துகொள்கிற ஒரு தாதி அவர்களுக்கு வேண்டும்.

இவ்வளவும் அந்தப் பெண் செய்ய வேண்டியவை. சங்கம் என்ன செய்ய வேண்டும்? நம் சகாக்களில் சிலர், படிப்பு விஷயம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து வேலை, நமக்குச் சம்பளமும் போனசும்தான் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கடைசியாக, உனக்கு எது பெரிய தடை என்று கேட்டோம். கணக்கு என்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சொன்னது ஷிப்ட். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் ராத்திரி. செவ்வாய், வியாழன் ராத்திரி எட்டு மணிக்கு டியூஷன் என்றால், மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் போக முடியும். தேர்வன்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார்.

வேலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வருடாந்திர விடுமுறை உண்டு. இரண்டு வருசத்துக்குக் கீழ் 8 நாள், ஐந்து வருசம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். நோய் விடுப்பு உண்டு. பிரசவ விடுப்பு 2023 முதல் 98 நாள். தேர்வு விடுப்பு என்று ஒரு வரி கிடையாது. சட்டத்தில் இல்லாததைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதானே சங்கத்தின் தொழில்? தேர்வு எழுதும் நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு; தேர்வுக்கு முந்திய ஆறு வாரம் மாறாத ஒரே ஷிப்ட். இந்த இரண்டும் முதலாளிக்குப் பெரிய செலவில்லை. ஒரு வருசத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதப் போகிறார்கள்? கை விரலை விட்டு எண்ணலாம். செம்பனைத் தோட்டத்திலும் இதைக் கேட்கலாம், தொழிற்சாலையிலும் கேட்கலாம், மருத்துவமனைக் குத்தகைக் கம்பெனியிலும் கேட்கலாம். மருத்துவமனைத் துணைச்சேவைத் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. அந்தப் பெண் ஏழு வருசமாக அதில் சேராமலே இருக்கிறாள். முதல் வேலையாக அதில் சேர் என்று சொல்லிவிட்டு வந்தோம். தாயார் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் சொன்னா கேக்க மாட்டா தம்பி, நீங்க சொல்லுங்க."

நம் கிளைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தத் தேர்வு விடுப்புத் தீர்மானத்தைக் கொண்டு வருகிறோம். எதிர்ப்பு வரும் என்று தெரியும். அலவன்சு கேட்க வேண்டிய இடத்தில் பரீட்சை லீவு கேட்கிறாயா என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். அதற்கும் இதற்கும் சண்டை இல்லை, இரண்டையும் கேட்போம்.

போன வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி போனோம். மேசை மேல் நாலாம் படிவக் கணிதப் புத்தகம் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது. பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் காசு வாங்காமல் சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருத்திக்குச் சொல்லித் தருவதும் பத்துப் பேருக்குச் சொல்லித் தருவதும் ஒன்றுதான் என்கிறார் அவர். எனவே ஆயர் குரோ, புக்கிட் காத்தில், டுரியான் துங்கல் சுற்றுவட்டாரத்தில் இருபது வயதோ முப்பது வயதோ, பெண்ணோ ஆணோ, இதே எண்ணத்தில் இருப்பவர்கள் நம் கிளைத் தோழர்களிடம் பெயர் கொடுக்கலாம். வரும்போது எஸ்.பி.எம். சான்றிதழின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டு வரவும். மார்க்கு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒளித்து வைக்காமல் கொண்டு வாருங்கள்.